பள்ளிக்கும் கடைவீதிக்கும் டீசல் கார் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறோம். வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளி இரண்டு கிலோமீட்டர். எங்கள் ஜவுளிக் கடை மூன்று கிலோமீட்டர். கார் ஒரு நாளில் நான்கைந்து தடவை கிளம்பினாலும் மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் வருவோம். இப்போது 2021ஆம் ஆண்டின் சிறிய எஸ்.யூ.வி. ஒன்று, டீசல், 72,000 கிலோமீட்டர் ஓடியது, 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. அதே ஆண்டில் வந்த அதே மாடல் பெட்ரோல் வண்டி 7 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. டீசல்தான் உழைக்கும், மைலேஜும் கொடுக்கும் என்பது என் கணவரின் கட்சி. எதை வாங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: பெட்ரோல் வண்டியை வாங்குங்கள். உங்கள் கணவர் சொல்வது ஒரு காலத்தில் முழுக்கச் சரியாக இருந்த கருத்து என்பதால், அது ஏன் இன்று உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குக் கிடைத்தது. லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் மிச்சம், அதோடு மைலேஜும் கூடுதல் என்றால் யார்தான் பெட்ரோல் கார் வாங்குவார்கள்? டீசல் விலையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கிய பிறகு அந்த இடைவெளி படிப்படியாகச் சுருங்கியது. கணக்குக்காகப் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒன்பது ரூபாய்தான். ஆனால் அந்தப் பழைய காலத்தில் உருவான நம்பிக்கை மட்டும், பழைய கார்ச் சந்தையில் டீசல் வண்டிக்குத் தனி மதிப்பாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஓட்டத்தையே கணக்கிடுவோம். ஊருக்குள் மாதம் 300 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 3,600. மதுரைக்குப் போக வர 400 என்று ஆறு தடவைக்கு 2,400. ஆக மொத்தம் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும் வண்டியில் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜை எதிர்பார்க்க முடியாது. ஊருக்குள் டீசல் லிட்டருக்கு 12, பெட்ரோல் 10, நெடுஞ்சாலையில் முறையே 20, 16 என்று கொண்டால், ஆண்டுக்கு டீசல் 420 லிட்டர், அதாவது சுமார் 38,600 ரூபாய். பெட்ரோல் 510 லிட்டர், அதாவது சுமார் 51,500 ரூபாய். மிச்சம் பதின்மூன்றாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வாங்கும்போதே கூடுதலாகக் கொடுக்கும் 90,000 ரூபாயை இந்த மிச்சத்தால் ஈடுகட்டவே ஏழு ஆண்டுகள் ஆகும். டீசல் எஞ்சினுக்கு ஆயில் கூடுதலாகப் பிடிக்கும், டீசல் ஃபில்டர் என்று தனியாக ஒரு செலவும் உண்டு என்பதால், அந்த ஏழு உண்மையில் எட்டோ ஒன்பதோ ஆகலாம். இதுவே ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் என்றால், அதே 90,000 ரூபாய் மூன்றாண்டுக்குள் திரும்பிவிடும். அவரை டீசல் வாங்க வேண்டாம் என்று நான் தடுக்கமாட்டேன்.

இதுவரை சொன்னது பணக்கணக்கு மட்டுமே. எஞ்சினின் கணக்கு இதைவிடக் கடுமையானது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு தயாரான டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், சைலன்சர் குழாய்க்கு முன்னால், டி.பி.எஃப். என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்லும் துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் 2021ஆம் ஆண்டு வண்டியும் இந்த வகைதான். புகையில் வரும் கரியைத் தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகளில் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்த கரியை எங்காவது போக்க வேண்டும் அல்லவா? அந்த வடிகட்டி அதை உள்ளேயே எரித்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் பாரத்தோடும் வேகத்தோடும் ஓடும்போது வெளியேறும் புகையின் சூட்டிலேயே கரி மெல்ல மெல்ல எரிந்துகொண்டிருக்கும். ஊருக்குள் அந்தச் சூடு வருவதில்லை. ஆகவே கரி ஓர் அளவைத் தாண்டியதும் வண்டியின் கணினி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்திக் கரியை எரிக்கிறது. இது முடிய வண்டி நிற்காமல் பத்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை ஓட வேண்டும்.

உங்கள் பள்ளிப் பயணமோ ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எரிப்பு தொடங்கிய பாதியிலேயே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். மதியம் கிளம்பும்போது கணினி மறுபடி முயலும்; கடை வந்ததும் அதுவும் பாதியில் நிற்கும். இப்படி ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் குறைவதுதானே வழக்கம். இந்த வண்டிகளில் ஆயில் அளவு ஏறும்! ஏறுவது நல்ல ஆயில் அல்ல, டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சுழலும் தண்டும் எஞ்சினின் பேரிங்குகளும் அந்த நீர்த்த ஆயிலை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கும். கரி மேலும் மேலும் சேர்ந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு, மேம்பாலம் ஏறவே திணறும். வடிகட்டியை மாற்ற நேர்ந்தால் செலவு பல பத்தாயிரங்களில் தொடங்கும். சில மாடல்களுக்கு லட்சத்தைத் தாண்டும். மேலே கணக்கிட்ட ஆண்டு மிச்சம் எத்தனை ஆண்டுக்கு அதில் கரையும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் குளிர் நாட்டுப் பிரச்சினை, நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் சீக்கிரமே சூடாகிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். எஞ்சினின் தண்ணீர் சீக்கிரம் சூடாவது உண்மைதான். காலையில் கிளம்பும்போது நமக்கு உள்ள சிரமம் பனி பெய்யும் ஊர்க்காரருக்கு உள்ளதைவிடக் குறைவு. ஆனால் வடிகட்டிக்குத் தேவையானது 600 டிகிரி. வெளியே 15 டிகிரியாக இருந்தாலும் 38 டிகிரியாக இருந்தாலும் அந்தத் தூரத்தை எஞ்சின் தன் உழைப்பால்தான் கடக்க வேண்டும். இரண்டாம் கியரில் ஊர்ந்து செல்லும் எஞ்சினுக்கு அந்த உழைப்பு வாய்ப்பதில்லை.

மதுரைப் பயணம் இந்தக் குறையைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். மாதம் இருமுறை போனால் பெருமளவு சரிசெய்யும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது போதாது. இடையில் ஊருக்குள்ளேயே ஓடும் 600 கிலோமீட்டரில் வடிகட்டி நிறைந்துவிட வாய்ப்பு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் டீசல்தான் என்று வீட்டில் முடிவானால், பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு முரணைக் கவனியுங்கள்: பெட்ரோல் வண்டி குறைவாக ஓடியிருந்தால் அது பெருமை, பிஎஸ்-6 டீசல் வண்டி குறைவாக ஓடியிருந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது. நான்காண்டில் 72,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கும். அதன் வடிகட்டி ஆரோக்கியமாக இருக்க வாய்ப்புண்டு. அதே காலத்தில் 15,000 மட்டும் ஓடி, “டாக்டர் ஓட்டியது, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்” என்று தரகர் பெருமையாகச் சொல்லும் டீசல் காரிலிருந்து நான் இரண்டடி தள்ளியே நிற்பேன்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எஞ்சின் ஆயிலின் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ விலை பேசவே வேண்டாம். சைலன்சர் குழாயின் வாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தால், நன்றாக இயங்கும் வடிகட்டி உள்ள வண்டியில் கரி ஒட்டாது; துணி கறுத்து வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது அல்லது அதை யாரோ குடைந்து எடுத்திருக்கிறார்கள். இப்படிக் குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளையும் மாற்றித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த வண்டியை வாங்கினால் தலைவலி உங்களுடையதாகிவிடும். கடைசியாக, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வடிகட்டியில் தற்போது எவ்வளவு கரி இருக்கிறது, கடைசியாக முழுமையாக எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்ற விவரங்களைப் பல மாடல்களில் அந்தக் கருவி காட்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி, இந்தப் பேரம் முழுவதிலும் நீங்கள் செய்யும் மிக உருப்படியான செலவு.

கேள்வி: சென்ற ஆண்டு பழைய பிஎஸ்-6 டீசல் கார் ஒன்று வாங்கினேன். ஓட்டம் பெரும்பாலும் திருநெல்வேலி நகருக்குள்தான். இப்போது டேஷ்போர்டில் துகள் வடிகட்டியின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் நிலையத்தில் “நாலு வழிச் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள், சரியாகிவிடும்” என்கிறார்கள். வேலை செய்யச் சோம்பல்பட்டு என்னை ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏமாற்றவில்லை, அவர்கள் சொன்னதுதான் சரியான முதல் வைத்தியம். ஆனால் எப்படி ஓட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் பல வண்டிகளின் கணினி எரிப்பையே தொடங்காது. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்; ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். பிறகு நாகர்கோவில் பக்கமோ கோவில்பட்டி பக்கமோ நெடுஞ்சாலையில் ஏறி, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாதபடி ஒரு கியர் குறைத்தே வைத்து, மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட்டுங்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான். விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். எரிப்பு நடக்கும்போது வண்டியின் அடிப்பகுதி கடுமையாகச் சூடாகும். ஓரத்தில் காய்ந்த புல்லோ வைக்கோலோ கிடக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, கூடவே எஞ்சின் விளக்கும் எரிந்தாலோ, வண்டி இழுவை குறைந்தாலோ இந்த முறை உதவாது. நேரே சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், நிறுத்திய நிலையிலேயே ஸ்கேனர் மூலம் எரிக்கச் சொல்லுங்கள். அதுவும் பலனளிக்காதபோதுதான் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வது பற்றிய பேச்சு வரவேண்டும்.

இன்னொன்று. கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் குறைந்த சாம்பல் வகை ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று வேறு ஆயிலை ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும். வாரம் ஒருமுறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இருபது நிமிட ஓட்டத்தைக் கொடுக்க உங்களால் முடியாது என்றால், வண்டி நன்றாக இருக்கும்போதே விற்றுவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

கேள்வி: என் மாமனார் தம்முடைய 2018ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டீசல் காரை, குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று, சந்தை விலையைவிடக் குறைத்து எனக்குக் கொடுக்கிறார். 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கும்பகோணத்தில் என் அலுவலகம் நான்கு கிலோமீட்டர் தொலைவில். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக வாங்கலாம். மேலே ஈரோட்டு வாசகிக்குச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம்; ஆனால் உங்கள் வண்டி பிஎஸ்-6 விதிக்கு முந்தைய பிஎஸ்-4 காலத்தது. துகள் வடிகட்டி என்ற உறுப்பே அதில் கிடையாது என்பதால், பெரும் செலவுக்கான முதல் காரணம் உங்களுக்கு இல்லை. அதிலுள்ள 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பு. அதே எஞ்சினை டாடாவும் செவர்லேயும்கூடத் தம் கார்களில் பொருத்தின. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டுவிட்டாலும், இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது.

ஆனாலும் குறுந்தொலைவு இதற்கும் பிடித்தமானதல்ல. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு இதில் உண்டு. மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் அதிலும் காற்று உள்ளே போகும் பாதையிலும் கரி அப்பிக்கொள்ளும். இழுவை குறைந்து, மிதிக்கும்போது கறும்புகை வந்தால் முதலில் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். பயப்பட வேண்டியது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கும் டர்போவுக்கும்தான். நல்ல பங்க்கில் டீசல் போடுவது, டீசல் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றுவது, தண்ணீர் வடிக்கச் சொல்லும் விளக்கு எரிந்தால் அன்றே வடிப்பது ஆகிய மூன்றையும் விடாதீர்கள். மாதம் இரண்டு முறையாவது தஞ்சாவூர் வரை போய் வாருங்கள்.

தில்லியில் பத்தாண்டு ஆன டீசல் கார்களுக்குத் தடை என்ற செய்தியைப் படித்துவிட்டு நம் ஊரிலும் அப்படி வருமோ என்று மாமனார் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தடை தில்லியையும் அதைச் சூழ்ந்த தலைநகர வட்டாரத்தையும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பதிவான உங்கள் வண்டியின் ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்கு, அதாவது 2033 வரை செல்லும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளைக் கெடுக்கும் என்கிறார்களே, அதற்குப் பயந்தாவது குறுந்தொலைவுக்குப் பழைய டீசல் கார் வாங்குவது புத்திசாலித்தனம் அல்லவா?
– வாசகர், சேலம்

பதில்: அல்ல. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இருபது சதவீதம் கலந்தால் மைலேஜ் சில சதவீதம் குறையும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது இரண்டு, மூன்றாயிரம் ரூபாய் சமாச்சாரம். பழைய வண்டிகளின் எரிபொருள் குழாய், வாஷர் போன்ற ரப்பர் பாகங்கள் சீக்கிரம் இறுகி வெடிக்கலாம் என்ற கவலை நியாயமானது. அவற்றை மாற்ற ஆகும் செலவை ஒரு துகள் வடிகட்டியின் விலையோடு ஒப்பிடவே முடியாது. வரவுசெலவு இடம் கொடுத்தால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் காராகத் தேடுங்கள். அதற்கு முந்தையது என்றால், வண்டியின் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் இ-20 என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எரிபொருள் குழாய்களை ஒரு முறை பரிசோதிக்கச் சொல்லி, அதற்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் அரை டேங்க்கோடு நிறுத்தி வைக்காதீர்கள்.